நோன்பும் நெஞ்சமும்

எல்லாச் சமயங்களிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிவது. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. கோயிலுக்குச் செல்லுதல், நோன்பு நோற்றல், குறித்த நாளில் குறித்த வழிபாட்டை ஆற்றுதல், ஓத வேண்டியவற்றை ஓதுதல் ஆகியன கண்ணுக்குத் தெரிவன. இவற்றைச் செய்கின்றவனுடைய நெஞ்சம் திருந்துதல் கண்ணுக்குத் தெரியாதது. முன்னதைப் புற ஒழுங்கு என்றும், பின்னதை அக மாற்றம் என்றும் பெயரிட்டுக்கொள்வோம். இவ்விரண்டிற்கும் உள்ள உறவு யாது? புற ஒழுங்கினால் அக மாற்றம் விளையுமா? அக மாற்றம் வந்துவிட்டால் புற ஒழுங்கு வேண்டாததாகிவிடுமா? கிறிஸ்தவ சமய வரலாற்றிலிருந்து ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இன்று என் நோக்கம். நம் நாட்டுச் சித்தர்களும் இதே வினாவைத் தம் பாடல்களில் எழுப்பியவர்களே. ஆதலால் எச்சமயத்தைச் சார்ந்த மாணவருக்கும் இது புதிய வினா அன்று.

முதலில் என் இளமையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரில் நான் வளர்ந்தேன். ஈஸ்டர் பண்டிகைக்கு முன் வரும் 40 நாட்களை எங்கள் வீட்டில் லெந்து நாட்கள் என்பர். எனக்கு 14 வயது நிரம்பிய ஆண்டில், அந்நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் மாலை வரை ஒன்றும் உண்பதில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒவ்வொரு வெள்ளிக்கும் பென்சிலால் ஒரு கோடு இழுப்பேன். கோடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெருகுவதைக் காணக் காண எனக்குள் ஒரு நிறைவு தோன்றியது. அந்நிறைவைப் பக்தி என்றே எண்ணியிருந்தேன்.

ஐந்தாம் வெள்ளியன்று நண்பகலில், விறகு விற்கும் மூதாட்டி ஒருவர் புறக்கடை வாயிலில் வந்து நின்று, குடிக்கக் கஞ்சி கேட்டார். வீட்டில் நான் ஒருவனே இருந்தேன். “இன்று எங்களுக்கு உபவாசம், வேறு வீட்டில் கேளுங்கள்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மாலையில் ஆலயத்திலிருந்து திரும்பிய என் ஆச்சி, அடுப்படியில் மூடியிருந்த சட்டியைத் திறந்து பார்த்தார். என் பங்குக் கஞ்சி அப்படியே ஆறிக் கிடந்தது. நான் அதைத் தொடவே இல்லை என்று பெருமையோடு சொன்னேன். வந்து கேட்டவரைத் திருப்பி அனுப்பிய செய்தியையும் சேர்த்தே சொன்னேன். ஆச்சி சினந்துகொள்ளவில்லை. “ஏலே, நீ சாப்பிடாமல் இருந்தது சரி. வந்தவளை ஏன் பட்டினியாக அனுப்பினாய்? உன் உபவாசத்தை அவளுமா இருக்க வேண்டும்?” என்று மட்டும் கேட்டார்.

அன்று நான் நாட்காட்டியில் கோடு இழுக்கவில்லை. நோன்பு தவறியது என்று சொல்வதற்கில்லை. ஒரு பருக்கையும் நான் உண்ணவில்லை. ஆயினும் எங்கோ எதுவோ பிழைத்துவிட்டது என்பதை என் நெஞ்சு அறிந்தது. அப்பிழை எங்கே என்று தேடியபோதுதான் சமயநூல்களை நான் முதன்முதலாகக் கருத்தூன்றிப் படிக்கலானேன்.

ஆச்சியின் கேள்வி மிகப் பழைய கேள்வி என்பதைப் பின்னரே அறிந்தேன். ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் 58ஆம் அதிகாரம் நோன்பைப் பற்றியது. மக்கள் நோன்பிருக்கிறார்கள், தலையைத் தாழ்த்துகிறார்கள், சாம்பலில் அமர்கிறார்கள். அதே நாளில் தம் வேலையாட்களை வருத்துகிறார்கள். பசித்தவனோடு உணவைப் பகிர்ந்துகொள்வதும், ஒடுக்கப்பட்டவனுடைய கட்டை அவிழ்ப்பதுமே தாம் விரும்பும் நோன்பு என்று இறைவன் கூறுவதாக அத்தீர்க்கதரிசி உரைக்கிறார். துயரத்தின் அடையாளமாக ஆடையைக் கிழிப்பது அந்நாட்டு வழக்கம். ஆடையை விட்டு இதயத்தைக் கிழியுங்கள் என்னும் கருத்தை யோவேல் தீர்க்கதரிசி வற்புறுத்துகிறார்.

இயேசு பெருமான் கூறிய உவமை ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. பரிசேயன் ஒருவனும், வரி தண்டும் ஆயக்காரன் ஒருவனும் தேவாலயத்திற்குச் செல்கிறார்கள். பரிசேயன் வாரத்திற்கு இருமுறை நோன்பிருப்பவன். வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பவன். அவன் தன்னைப் பற்றிச் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தன் நோன்பை அளவுகோலாக்கி, அருகில் நின்றவனை அளந்தான். அங்கே அவன் வீழ்ந்தான். ஆயக்காரனோ வானத்தை நோக்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்டு இரங்கி நின்றான். இறைவன் ஏற்றுக்கொண்டது இவனையே என்பது உவமையின் முடிவு. நோன்பே வேண்டாம் என்று இயேசு கூறவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. நோற்பதைப் பிறர் காண நோற்க வேண்டாம் என்பதே அவருடைய கட்டளை.

அவர் தம் போதனையைத் தொடங்கியபோது மக்களை நோக்கி விடுத்த அழைப்பைத் தமிழ் வேதாகமம் ‘மனந்திரும்புதல்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. திரும்ப வேண்டியது மனம் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது அன்றோ! கிரேக்க மூலத்தில் அது ‘மெட்டனோயா’. எண்ணம் மாறுதல் என்பது அதன் பொருள். மேலைநாடுகளில் பல நூற்றாண்டுகள் வழங்கிய இலத்தீன் மொழிபெயர்ப்பிலோ, பாவத்திற்குக் கழுவாய் செய்தல் என்றும் பொருள்கொள்ளுமாறு அத்தொடர் அமைந்திருந்தது. 1516இல் எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டபோது, கற்றோர் மூலத்தின் பொருளை நேரே காணும் வாய்ப்பைப் பெற்றனர். அடுத்த ஆண்டு, 1517இல், மார்ட்டின் லூத்தர் ஜெர்மனியில் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டார். பாவமன்னிப்புச் சீட்டுகள் பணத்திற்கு விற்கப்பட்ட காலம் அது. மனந்திரும்புதல் என்பது ஒரு நாளில் செய்து முடிக்கும் சடங்கன்று, விசுவாசியின் வாழ்நாள் முழுவதையும் தழுவியது என்பதே அவற்றுள் முதலாவது கருத்துரையின் சாரம்.

இனி ஒரு விந்தையைக் கேளுங்கள். ஒரு தலைமுறையினருடைய அக மாற்றம் அடுத்த தலைமுறையினருக்குப் புற ஒழுங்காக உறைந்துவிடுகிறது. லூத்தர் காலத்தில் நெருப்பாக இருந்த விசுவாசம், 100, 150 ஆண்டுகளில் பிழையின்றி ஒப்புவிக்க வேண்டிய கோட்பாடாக மாறிற்று. சடங்கு இருந்த இடத்தில் சரியான கொள்கை வந்து அமர்ந்தது. நெஞ்சம் பழைய நிலையிலேயே இருந்தது. இதனைக் கண்டு வருந்திய ஸ்பெனர் என்னும் ஜெர்மன் போதகர் 1675இல் திருச்சபையின் சீர்திருத்தம் குறித்து ஒரு நூல் எழுதினார். அவர் வழிவந்த பிராங்கே என்பவர் ஹாலே நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளிகளும் நிறுவினார். உள்ளத்தின் பக்தி பிறருக்குச் செய்யும் தொண்டாக மலர வேண்டும் என்பது இவர்களுடைய கொள்கை.

அந்த ஹாலேயில் பயின்ற இளைஞர் ஒருவரைத் தமிழர் நன்கு அறிவர். அவர்தாம் 1706 ஜூலையில் தம் தோழர் புளுட்சோவுடன் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு. தமிழைக் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து, 1715இல் தரங்கம்பாடியிலேயே அச்சிட்டு முடித்தவர் அவர். அவரும் அவர் தோழரும் தரங்கம்பாடியிலிருந்து எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. கடல் கடந்து சென்ற அந்நூல் இங்கிலாந்தில் எப்வர்த் என்னும் ஊரில் ஒரு தாயின் கைக்கு எட்டியது. அவர் பெயர் சூசன்னா வெஸ்லி. அவ்வூர்ப் போதகரின் மனைவி; பல பிள்ளைகளுக்குத் தாய்.

நம் சோழநாட்டுக் கடற்கரையிலிருந்து சென்ற அக்கடிதங்கள் அத்தாயின் உள்ளத்தை உருக்கின. தம் பிள்ளைகளுக்குத் தாம் இன்னும் மிகுதியாகச் செய்ய வேண்டாவா என்று அவர் எண்ணினார். அன்று முதல் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு பிள்ளையோடு தனித்து அமர்ந்து, அப்பிள்ளையின் உள்ளத்து நிலையைப் பற்றி உரையாடலானார். வியாழக்கிழமை மாலை ஜான் என்னும் சிறுவனுக்கு உரியது. 1712இன் தொடக்கத்தில் சூசன்னா தம் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இவை யாவும் கூறப்பட்டுள்ளன. ஞாயிறு மாலையில் அவர் வீட்டில் நடத்திய வழிபாட்டிற்கு அயலாரும் வரத் தொடங்கினர். வந்தோர் தொகை 200ஐயும் கடந்தது. வியாழன்தோறும் தாயோடு பேசிய அச்சிறுவனே இன்றைய நம் பேச்சின் தலைவரான ஜான் வெஸ்லி. அப்போது அவருக்கு வயது 8.

வெஸ்லி ஆக்ஸ்போர்டில் பயின்று, 1728இல் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானார். அங்கே அவரும் அவர் தம்பி சார்லசும் வேறு சில இளைஞரும் ஒரு சிறு குழுவாகக் கூடினர். புதன், வெள்ளி ஆகிய நாட்களில் நோன்பிருந்தனர். வேதத்தைக் கிரேக்க மொழியில் கற்றனர். சிறையிலிருந்தோரைச் சென்று கண்டனர். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினர். நாளின் ஒவ்வொரு மணிக்கும் முறை வகுத்து வாழ்ந்த இவர்களை ஏனைய மாணவர் ‘மெதடிஸ்டுகள்’, அஃதாவது முறைக்காரர்கள், என்று எள்ளி நகையாடினர். அப்பெயரே பின்னர் ஒரு திருச்சபையின் பெயராக நிலைத்துவிட்டது.

இத்தகைய ஒருவருக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். புற ஒழுங்கில் குறையே இல்லை. ஆனால் அவர் நெஞ்சில் அமைதி இல்லை. எவ்வளவு செய்தாலும், செய்தது போதுமா என்னும் ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. கணக்கு எழுதுகின்றவனுக்குக் கணக்கு என்றும் முடிவதில்லை.

1735 அக்டோபரில் வெஸ்லி, அமெரிக்காவில் புதிதாக அமைந்த ஜார்ஜியாக் குடியேற்றத்திற்குத் தொண்டு செய்யக் கப்பலேறினார். கப்பலில் 26 மொரேவியர் இருந்தனர். இவர்கள் ஜெர்மானியக் கிறிஸ்தவர். ஹாலேயில் பயின்ற சின்சென்டார்ப் பிரபுவின் ஆதரவில் வாழ்ந்தவர்கள். வெஸ்லி ஊனையும் மதுவையும் விலக்கினார். அரிசியும் காய்கறியும் உலர்ந்த ரொட்டியும் உண்டார். விடியற்காலம் 4 மணிக்கு எழுந்து செபித்தார். 1736 ஜனவரி 25 அன்று மாலை கடல் கொந்தளித்தது. மொரேவியர் வழிபாட்டைத் தொடங்கிச் சங்கீதம் பாடிக்கொண்டிருக்கையில் ஓர் அலை கப்பலை மூடிற்று, பெரும்பாய் கிழிந்தது, தண்ணீர் உள்ளே பாய்ந்தது. ஆங்கிலேயர் அலறினர். மொரேவியரோ பாட்டை நிறுத்தவில்லை. பின்னர் வெஸ்லி அவர்களுள் ஒருவரிடம் சென்று, அச்சம் தோன்றவில்லையா என்று வினவினார். இல்லை என்றார் அவர். பெண்டிரும் பிள்ளைகளுமா அஞ்சவில்லை என்று மீண்டும் கேட்டார். அவர்களும் சாவுக்கு அஞ்சுவதில்லை என்று விடை வந்தது.

வெஸ்லியோ அஞ்சியிருந்தார். அவ்வுண்மையை அவர் தமக்குத் தாமே மறைக்கவில்லை. 4 மணிக்கு எழுந்தவரிடம் இல்லாத ஒன்று, படிப்பறிவு மிகாத இவ்வெளிய மக்களிடம் இருந்தது. கரையேறிய பின் ஸ்பாங்கன்பர்க் என்னும் மொரேவியத் தலைவரிடம் அறிவுரை கேட்டார். இயேசு கிறிஸ்துவை அறிவீரா என்று அவர் வினவினார். உலகத்தின் இரட்சகர் அவர் என்று அறிவேன் என்றார் வெஸ்லி. அது மெய்யே, உம்மை இரட்சித்தார் என்று அறிவீரா என்று ஸ்பாங்கன்பர்க் தொடுத்த அடுத்த வினாவுக்கு, வெஸ்லியின் விடை வாயளவில் நின்றது. தாம் சொன்னவை வெறுஞ்சொற்களாக இருக்குமோ என்று அஞ்சியதாக அவரே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

ஜார்ஜியாவில் அவர் நடந்துகொண்ட முறை நமக்குப் பெரும்பாடமாகும். குழந்தைகளைத் தண்ணீரில் முழுக்காட்டியே ஞானஸ்நானம் அளிக்க வேண்டும் என்பது பழைய முறை என்று கூறி, அதற்கு இசையாத ஒரு தாயின் குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்க மறுத்தார். சோபியா ஹாப்கி என்னும் பெண்ணை மணக்க அவர் விரும்பியிருந்தார். முடிவு செய்ய இயலாமல் காலம் தாழ்த்தினார். 1737 மார்ச்சில் அப்பெண் வேறொருவரை மணந்துகொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவருக்குத் திருவிருந்து அளிக்க வெஸ்லி மறுத்துவிட்டார். திருவிருந்தில் பங்குபெற விரும்புவோர் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அப்பெண் தெரிவிக்கவில்லை என்பது காரணம். விதிப்படி பார்த்தால் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அவ்விதிக்குப் பின்னால் புண்பட்ட நெஞ்சம் ஒன்று மறைந்து நின்றதோ என்று ஊரார் ஐயுறாமல் இருக்க இயலுமா? வழக்குத் தொடரப்பட்டது. 1737 டிசம்பரில் வெஸ்லி அந்நாட்டை விட்டு வெளியேறினார். பிறரை மனந்திருப்பச் சென்ற தாமே இன்னும் மனந்திரும்பவில்லை என்னும் துயரத்தோடு இங்கிலாந்து மீண்டார்.

இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் புறக்கடைக் கதவைச் சாத்திய சிறுவன் என் நினைவுக்கு வருகிறான். புற ஒழுங்கு தன்னளவில் தீங்கானதன்று. ஆயின் அதற்குள் எதையும் ஒளித்து வைக்கலாம். பெருமையை ஒளிக்கலாம்; சினத்தை ஒளிக்கலாம்; எழுந்து சென்று கஞ்சி ஊற்றச் சோம்பும் சோம்பலையும் ஒளிக்கலாம். விதியைக் கைக்கொண்டேன் என்னும் எண்ணம் அவற்றின்மேல் போர்வையாக விழுந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் பீட்டர் பேலர் என்னும் மொரேவிய இளைஞருடன் வெஸ்லிக்கு நட்பு உண்டாயிற்று. இரட்சிப்பு நம் செயல்களால் சம்பாதிக்கும் கூலியன்று, இறைவன் அருளும் கொடை. அதனை விசுவாசத்தால் ஏற்றல் வேண்டும் என்று அவர் எடுத்துரைத்தார். 1738 மே 24 அன்று மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்திற்கு வெஸ்லி மனமின்றியே சென்றார். ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்திற்கு லூத்தர் வரைந்த முகவுரையை ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். சட்டம் கட்டளையிடும் செயலைக் கையால் செய்தல் வேறு, அச்சட்டத்தை மனமார நிறைவேற்றுதல் வேறு என்பதை விளக்கும் நூல் அது. இரவு 8.45 மணியளவில், விசுவாசத்தால் இறைவன் இதயத்தில் செய்யும் மாற்றத்தைப் பற்றிய பகுதி படிக்கப்பட்டபோது, தம் நெஞ்சில் இதுவரை அறியாத ஒரு வெம்மை பரவியதாக அவர் எழுதுகிறார். தம் பாவங்கள் நீக்கப்பட்டன என்னும் உறுதி அவருக்குப் பிறந்தது.

அவ்வெம்மையைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். அதற்கு அடுத்து அவர் செய்ததைச் சிலரே கவனிக்கின்றனர். தமக்குத் தீங்கிழைத்தவர்களுக்காக அவர் முழு ஆற்றலோடும் செபிக்கத் தொடங்கினார். ஜார்ஜியாவில் விதியைக் கேடயமாகப் பிடித்த அதே மனிதர், தம்மைப் புண்படுத்தியவர்களின் நன்மையை நாடினார். மாற்றம் வந்ததற்குச் சான்று யாது என்று என்னைக் கேட்டால், வெம்மையைக் காட்டமாட்டேன், இதனையே காட்டுவேன்.

ஏனெனில் வெம்மை நிலைத்திருக்கவில்லை. அன்றிரவே பழைய ஐயங்கள் மீண்டும் அவரைச் சூழ்ந்தன. 1739 ஜனவரியில், தாம் இன்னும் கிறிஸ்தவன் அல்லன் என்று கூட அவர் எழுதினார். உணர்ச்சி வரும், போகும். திரும்பிய மனம் திரும்பிய திசையில் தொடர்ந்து நடப்பதே மாற்றம். ஆலயத்திற்கு வெளியே போதிப்பதைப் பாவம் போலக் கருதியிருந்த வெஸ்லி, 1739 ஏப்ரல் 2 அன்று பிரிஸ்டல் நகருக்கு வெளியே திறந்தவெளியில் நின்று, ஆயிரக்கணக்கான மக்களுக்குப் போதித்தார். அருகிலிருந்த கிங்ஸ்வுட் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்தனர். ஆலயத்தின் வாயிலை மிதியாத அவர்களைத் தேடி அவரே சென்றார்.

இப்போது நம் இரண்டாம் வினாவுக்கு வருவோம். அக மாற்றம் வந்துவிட்டால் புற ஒழுங்கு வேண்டாததாகுமா? இவ்வினாவும் வெஸ்லியின் முன் வந்து நின்றது. லண்டனில் அவரோடு கூடியிருந்த மொரேவியருள் சிலர், உள்ளத்தில் முழு விசுவாசம் தோன்றும் வரை ஒருவன் திருவிருந்தும் செபமும் வேத வாசிப்பும் இன்றி அசையாமல் காத்திருத்தல் வேண்டும் என்று போதித்தனர். செயல்களில் நம்பிக்கை வைத்தலைத் தவிர்க்கச் செயல்களையே தவிர்க்கலாம் என்பது அவர்கள் வாதம். தம்மைக் கரையேற்றிய நண்பர்களேயாயினும் வெஸ்லி இதற்கு இசையவில்லை. 1740 ஜூலையில் அவர்களை விட்டுப் பிரிந்தார். ‘எனக்கு உள்ளம் தூயது, ஒழுங்கு எதற்கு?’ என்று கூறுகின்றவன், நோன்பைப் பெருமையாக்கியவனைப் போலவே, நோன்பின்மையைப் பெருமையாக்கிக்கொள்கிறான். உள்ளத்தின் அனுபவத்தையும் நாட்காட்டியில் கோடிட்டுக் கணக்கெடுக்கலாம். அப்போது அதுவும் ஒரு சடங்காகிவிடும்.

1743இல் வெஸ்லி தம் சங்கங்களுக்கு மூன்று விதிகளை வகுத்தார். எவருக்கும் தீங்கு செய்யாதிருத்தல் முதலாவது. இயன்ற நன்மையெல்லாம் செய்தல் இரண்டாவது. இறைவன் ஏற்படுத்திய வழிபாட்டு முறைகளைக் கைக்கொள்ளுதல் மூன்றாவது. வழிபாடும் திருவிருந்தும் நோன்பும் மூன்றாம் விதியுள் அடங்கும். அவர் ஆக்ஸ்போர்டில் செய்தவற்றுள் எதனையும் கைவிட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே செபம், அதே நோன்பு, அதே சிறைச்சாலை. வேர்தான் மாறிற்று. முன்பு இறைவனுடைய அன்பைப் பெறுவதற்காகச் செய்தார். பின்பு அவ்வன்பைப் பெற்றதனால் செய்தார். முன்பு செய்தவை அவரையே நோக்கித் திரும்பின; பின்பு செய்தவை அயலானை நோக்கிச் சென்றன.

அவை எங்கெங்கே சென்றன என்பதற்குச் சில சான்றுகள் கூறுவேன். 1746இல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில், வட்டிக்காரரிடம் சிக்கிய எளியவர்களுக்குச் சிறு தொகைகளைக் கடனாக வழங்கும் நிதி ஒன்றையும் ஏற்படுத்தினார். 1774இல் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு சிறு நூல் எழுதினார். ஒழுங்காக ஆலயம் செல்லும் கனவான்கள் பலர் அவ்வணிகத்தால் செல்வம் சேர்த்த காலம் அது. 1791 பிப்ரவரி 24 அன்று, தம் 87ஆம் வயதில், அடிமை வணிகத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்போர்சுக்கு ஊக்கமளித்து ஒரு கடிதம் வரைந்தார். ஆறு நாட்களுக்குப் பின், மார்ச் 2 அன்று, உயிர் நீத்தார். அவ்வணிகத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டத்தால் தடுத்தது 1807இல்.

எனினும் அவர் வாழ்க்கையில் என் நெஞ்சை மிகவும் கவர்ந்தது வேறொரு காட்சி. 1785 ஜனவரி. வெஸ்லிக்கு வயது 81. குளிர்காலத்தில் ஏழைகளுக்கு நிலக்கரியும் ரொட்டியும் வழங்குவது சங்கத்தின் வழக்கம். அவ்வாண்டு அவர்களுக்கு ஆடையும் தேவை என்பதை அவர் கண்டார். ஆடைக்குப் பணம் வேண்டும். முதியவர் ஆளை ஏவவில்லை. ஐந்து நாட்கள் லண்டன் தெருக்களில் தாமே நடந்து வீடுவீடாக இரந்து 200 பவுன் திரட்டினார். தெருக்களில் பனி உருகிக் கணுக்கால் அளவு நின்றது. காலை முதல் மாலை வரை அவர் பாதங்கள் பனிநீரில் ஊறின. அது கடினமான வேலையாக இருந்தது என்று அவர் குறித்துள்ளார். அவ்வளவுதான், அதனை அவர் தவம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஆக்ஸ்போர்டில் வெள்ளிக்கிழமைதோறும் பசித்திருந்த இளைஞரும், லண்டனில் பனிநீரில் நின்ற முதியவரும் ஒருவரே. இருவரும் உடலை வருத்தினர். முதல்வர் தம் ஆன்மாவின் கணக்கைத் தீர்க்க வருத்தினார். இரண்டாமவருக்குக் கணக்கு நினைவில்லை; ஆடையற்றவர்கள் நினைவில் இருந்தனர். அக மாற்றம் என்று நான் கூறுவது இதனையே.

மாணவ நண்பர்களே, உங்கள் சமயம் எதுவாயினும் ஆகுக. உங்கள் வீட்டில் வழங்கும் நோன்பையும் வழிபாட்டையும் ஏளனம் செய்யாதீர்கள். ஏட்டுக் கல்வி மிகாத என் ஆச்சி தம் வாழ்நாள் முழுவதும் ஒரு வெள்ளியும் தவறாமல் உபவாசம் இருந்தவர். அவருடைய கேள்வி அந்த உபவாசத்திலிருந்துதான் பிறந்தது. ஆனால் நோற்பதோடு நின்றுவிடவும் வேண்டாம். புற ஒழுங்கு ஒரு வாய்க்கால் போன்றது. வாய்க்கால் இன்றித் தண்ணீர் வயலுக்குச் சேராது; வாய்க்கால் ஒழுங்காக வெட்டப்பட்டிருப்பதனாலேயே தண்ணீர் ஓடுகிறது என்றும் கொள்ளலாகாது. வயல் நனைந்ததா என்று சென்று பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு பார்ப்பதற்கு எனக்கு ஒரு வழி இருக்கிறது. அடுத்த வாரம் விறகுக்கட்டோடு வந்த அம்மூதாட்டிக்கு என் பங்குக் கஞ்சியை நானே ஊற்றினேன். அவர் குடித்துவிட்டு, முன் வாரம் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சென்றார். மன்னிப்புக் கேட்க எனக்கு நா எழவில்லை. அக்குறை இன்றும் என்னிடம் உண்டு. லெந்து நாட்கள் வரும்போதெல்லாம் நான் இப்போதும் வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். நாட்காட்டியில் கோடு இழுப்பதில்லை. மாலையில், அன்று நான் உண்ணாமல் விட்டது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.